ஒட்டடைக் கம்புக்கு ஒரு கட்டு

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்தெருவில் இருந்த லாட்ஜில் தனம் பல வருஷமாக ஒட்டடை அடித்துவந்தாள். பழைய கட்டடம், எட்டாத கூரை. ஆளைப்போல இரண்டு மடங்கு நீளமான மூங்கில் கம்பு அவளுடையது. நுனி பட்டதுமே சுவர் ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று நிமிர்ந்து பாராமலே சொல்லிவிடுவாள்.

ஒருநாள் வாசலை அடித்து முடித்து, கம்பைத் தரையில் சாய்த்துப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ரிவர்ஸ் எடுத்த ஆட்டோக்காரன் கோபியின் வண்டி, கம்பின் நுனியில் ஏறி இறங்கியது.

"ஐயோ, என் கை" என்று தனம் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, கை உங்ககிட்டதான் இருக்கு. நான் கம்பு மேலதான் ஏத்துனேன்."

"வலி எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

கோபியே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினான். கம்பை விட்டுவிட்டு வர அவள் சம்மதிக்கவில்லை. அது பின்பக்கமாக நீட்டிக்கொண்டு வந்தது. "தள்ளி ஓட்டு, மாடு உரசுது" என்றாள், திரும்பாமலே. கோபி கண்ணாடியில் பார்த்தான். கம்பின் நுனியில் மாடு உரசிக்கொண்டுதான் இருந்தது.

கிளினிக்கில் டாக்டர் ஜினசேனன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். வலியில்லை. அவளை முகம் திருப்பச் சொல்லிவிட்டு, கம்பின் பிளந்த நுனியை அழுத்தினார். தனம் துடித்துப்போனாள்.

"ஒரே சாமானை ரொம்ப நாள் பிடிச்சா, மூளை அதோட நுனியையும் கை மாதிரியே கவனிக்க ஆரம்பிச்சுடும்மா. உங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு."

"மாத்திரை குடுங்க சார்."

"மாத்திரை உங்க வயித்துக்குல்ல போகும்?"

சற்று யோசித்துவிட்டு, நுனிக்கு மருந்து வைத்துக் கட்டுப் போட்டார். வலி இறங்கியது. வெளியே காத்திருந்த பெரியவர், "கம்புக்குத் தனி டோக்கன் வாங்குனாங்களா?" என்று கேட்டார்.

லாட்ஜ் முதலாளி அப்பாதுரைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "அடிபட்டது கம்புக்கு. நீ வேலைக்கு வரலாம்ல?"

"வரலாங்க. கை இல்லாம வந்து என்ன பண்றது?"

அவர் லீவு கொடுத்தார். கட்டுப் பிரித்த பின்னும் பிளவு கூடவில்லை. புதிதாக அலுமினியக் கம்பு வந்தது. முதல் வாரம் தனம் டியூப்லைட்டை உடைத்தாள், கடிகாரத்தைத் தள்ளினாள். யாரோ ஒருத்தர் கையை இரவல் வாங்கிய மாதிரி இருந்தது. மார்கழி வந்தபோது பழகிவிட்டது.

"காலையில நுனி ரொம்ப சில்லுனு இருக்குங்க" என்றாள் முதலாளியிடம்.

அப்பாதுரை தேரடித் தெருவுக்குப் போய், கம்பு நுனிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சின்னக் கம்பளிக் குல்லா வாங்கிவந்து கொடுத்தார்.