மரண தூதனுக்குச் சொன்ன பொய்

மரத்தூள் ஒட்டிய பனிக்கட்டியின் வாடையை எங்கே முகர்ந்தாலும் ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடும், கூடத்துக் கோரைப்பாயில் கிடந்த என் தம்பியின் நெற்றியும்தான் நினைவுக்கு வருகின்றன. மீனுக்குப் போட வைத்திருந்த கட்டியிலிருந்து உடைத்துக் கோணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். நெற்றியில் வைத்த கொஞ்ச நேரத்தில் அது வெந்நீராகி வழியும். யுத்தம் இன்னும் முடிந்திராத காலம் அது. அப்பா சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளுபவர். எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. தம்பிக்கு ஐந்து வயது, டைபாய்டு காய்ச்சல். பார்த்துவிட்டுப் போன டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பையை மூடினார்.

ஞானஸ்நானத்தில் அவனுக்கு இட்ட பெயரை இங்கே எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை. அது தலைமைத் தூதர் ஒருவரின் பெயர். எங்கள் கோயில் பீடத்தில் அவர் வாளும் தராசுமாகச் சாத்தானை மிதித்து நின்றார். அதே முற்றத்தில் எதிர் வீட்டில் இருந்த மைமூன் அக்காவின் கணக்கில் அவர் மழைக்கும் உணவுக்கும் பொறுப்பான வானவர், ‘மலக்கு’. மாடியறையில் குடியிருந்த ரங்கூன் அம்மாவோ, தூங்கும்போது வலப்பக்கம் நிற்பவர் அவர்தான் என்பார். இடப்பக்கம் கபிரியேல், முன்னால் ஊரியேல், பின்னால் ரபேல். குண்டுவீச்சுக்குத் தப்பி பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த யூதப் பெண்மணி அவர். ரங்கூனில் வேலையாட்களிடம் கற்ற தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசுவார்.

யோசனை சொன்னவர் அவர்தான். “எங்க ஆளுங்க பேர் மாத்துவாங்க. உயிர் எடுக்க வர்றவர் பேர் கேட்டு வருவார். அந்தப் பேர் வீட்டில இல்லேன்னா, திரும்பிப் போவார்.”

“ஞானஸ்நானப் பேரை மாத்தறதா? சாமியாரு என்னைக் கோயில் வாசல்லயே நிக்க வெச்சிடுவாரு” என்றாள் அம்மா.

“சாமியாரு ஞாயித்துக்கெழம கேப்பாரு. உசுர எடுக்குற இஸ்ராயீலு எப்ப வருவாருன்னு யாருக்குத் தெரியும்?” என்றார் மைமூன் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த மலக்கு மேல தப்பு இல்லக்கா. சொன்ன வேலையச் செய்யறாரு” என்றார்.

ரபேல் என்று வைக்கலாம் என்றார் ரங்கூன் அம்மா. குணமாக்கும் தூதர் அவர். எங்கள் கோயிலிலும் அவரைக் கையில் மீனோடு காட்டுவார்கள். அந்த மீனின் பித்தநீரால் ஒரு குருடர் பார்வை பெற்ற கதையை நாங்கள் அறிவோம். மைமூன் அக்காவுக்கு மட்டும் சந்தேகம். “யாரு, எங்க இஸ்ராஃபீலா? யக்கா, அவரு வாயில கொம்ப வெச்சிக்கினு உலகம் முடியறதுக்குக் காத்துகினு கீறாரு. வைத்தியம் பாக்க அவருக்கு ஏது நேரம்?”

“ஊதட்டுமே. காய்ச்சல் பறந்து போகும்” என்றார் ரங்கூன் அம்மா. அத்தனை நாளில் முதன்முறையாக அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

அன்றிலிருந்து பழைய பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. அந்த முற்றத்தில் ஒருவர் மற்றவர் வாயைக் காவல் காத்தோம். கதவு தட்டப்பட்டால் அம்மாவின் முகம் வெளிறும். அப்படி ஒரு பிற்பகலில் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து, நெடுநாளாக வராத பிள்ளை என்று தம்பியின் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டார். அம்மா எழுந்துபோய் வாசல் நிலையின் இருபக்கமும் கைகளை ஊன்றி வழியடைத்து நின்றாள். பியூனை அவள் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வெறிச்சோடிக் கிடந்த வெயிலைப் பார்த்து, அந்தப் பெயரைத் தானே சொல்லி, தெருக்கோடிவரை கேட்கும்படி கூவினாள்:

“அவன் செத்துப்பூட்டான்! அந்தப் புள்ள இல்ல. இந்த வூட்ல கீறவன் ரபேலு!”

பியூன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்வாங்கினார். நான் திரும்பினேன். பாயில் தம்பியின் கண்கள் திறந்திருந்தன.

அந்த வாரமே காய்ச்சல் இறங்கியது. எழுந்தவன் ரபேலாக எழுந்தான். முந்தைய வாழ்வில் பாதியைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. கப்பலிலிருந்து திரும்பிய அப்பாவிடம் அம்மா காதோடு எல்லாம் சொன்னாள். தானே தேர்ந்து வைத்த பெயரைச் சொல்லவும் அஞ்சி, புதிய பெயரைச் சொல்லவும் நா எழாமல், அவர் தம் கடைசி நாள்வரை மகனை ‘நைனா’ என்று மட்டுமே அழைத்தார்.

தம்பி ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்: “செத்துப்போனானே, அவன் யாரும்மா?” நீதான் என்று சொன்னால் திரும்பிப் போனவர் காதில் விழுந்துவிடும். அம்மா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைத்து, “உனக்கு மூத்தவன்” என்றாள்.

கல்லறைத் திருநாள் வந்தபோது அண்ணனுக்கு மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமென்று அவன் அடம்பிடித்தான். அம்மா ஒன்று வாங்கித் தந்தாள். கல்லறை ஏது? காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தின் பெரிய சிலுவையடியில், இல்லாத அண்ணனுக்காக அவன் அதை ஏற்றினான்.

அந்த முற்றம் இன்றில்லை. அங்கே கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. மைமூன் அக்கா மறைந்துவிட்டார். யுத்தத்துக்குப் பின் தம் மக்களைத் தேடிக் கப்பலேறிய ரங்கூன் அம்மாவைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. அம்மாவும் போன பிறகு, உண்மை அறிந்தவள் நான் ஒருத்தியே. மூன்று மதத்தாரின் வேதங்களையும் பிற்பாடு பொறுமையாக வாசித்தேன். மரண தூதர் ஏமாறக்கூடியவர் என்று அவற்றில் எங்கும் நான் காணவில்லை.

தம்பிக்கு இப்போது பேரன்கள் இருக்கிறார்கள். சென்ற கல்லறைத் திருநாளன்றும் அவனைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். “இருந்திருந்தா அவன் எப்படிக்கா இருந்திருப்பான்?” என்றான்.

“உன்னை மாதிரிதான்.”

“அப்ப அவனும் மூட்டுவலில கத்திக்கினு இருப்பான்” என்று சிரித்தபடி கஷ்டப்பட்டு முழந்தாளிட்டான். கடற்காற்றுக்கு உள்ளங்கைகளால் சுடரை மறைத்துக்கொண்டு, அண்ணனின் ஆன்மா இளைப்பாற வேண்டுமென்று அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஜெபித்தான்.

ஒவ்வோர் ஆண்டும் போல, நான் திரும்பிக் கல்லறைத் தோட்டத்தின் வாசற்கதவைப் பார்த்தேன்.