பாய் வீட்டு எட்டுக்கால் பூச்சி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு வீட்டில் என்னால் உட்காரவே முடியவில்லை. பல வருடங்கள் பூதக்கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்ன இரும்பு உதிரிபாகங்களை வைத்துக் கீறல் தேடியவள். இப்போது வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் துடைத்த மேடையையே மறுபடி துடைப்பேன். மாடிக்கு ஏறுவேன், எதற்கு ஏறினேன் என்று தெரியாமல் இறங்குவேன். நூம்பலில் எங்கள் தெருவில் பாதி மனைகள் இன்னும் காலிதான். முள்ளும் கொடியுமாகக் கிடக்கும் அவற்றைப் பார்த்துக்கொண்டே பகல் போகும்.

அப்படி ஒரு காலையில் கறிவேப்பிலை பறிக்கப் போனபோது செடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வலையைப் பார்த்தேன். வலையின் நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டதுபோல் ஒரு தையல். அதன் மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு சிலந்தி. போனில் படம் எடுத்தேன், மங்கலாக வந்தது. மறுபடி எடுத்தேன். காற்றில் வலை ஆடியது. குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வரும்வரை அங்கேயேதான் நின்றிருக்கிறேன்.

அடுத்த வாரமே பூந்தமல்லிக்குப் போய் போனில் மாட்டுகிற ஒரு குட்டி லென்ஸ் வாங்கி வந்தேன். சிலந்தியை இனம் காண நிறத்தை நம்பக் கூடாது, கண்களைப் பார்க்க வேண்டும் என்பதை மெல்லக் கற்றேன். பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண்கள். ஆனால் அவை அமைந்திருக்கும் வரிசை இனத்துக்கு இனம் வேறு. குதிக்கும் சிலந்திக்கு முன்னால் இரண்டு மட்டும் பைக் விளக்குபோலப் பெரிதாக இருக்கும். மாமரத்து முசுறு எறும்புகளுக்கு நடுவே முசுறு மாதிரியே நடந்துகொண்டிருந்த ஒன்று, கால்களை எண்ணிப் பார்த்தபோதுதான் சிலந்தி என்று தெரிந்தது. எடுத்த படங்களை இணையத்தில் ஒரு குழுவில் போடுவேன். யாராவது பெயர் சொல்வார்கள். சொல்லும்வரை போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

"ஒட்டட அடிக்கிறத உட்டுட்டு போட்டோ புடிச்சிகினு கீறியே" என்று வீட்டுக்காரர் சிரிப்பார்.

பக்கத்து வீட்டில் சோபா செய்கிற பாயும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் அந்த அக்கா ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புச் சிலந்தி.

"அவருக்கு கை வீங்கிகீதுமா. காலைல சோபா பின்னாடி இது ஓடிச்சி, புடிச்சிட்டேன். நீதான் இதுங்களயெல்லாம் பாக்கிறியே. விஷப் பூச்சியா, சொல்லு."

தட்டையான உடல், பக்கவாட்டில் விரிந்த கால்கள். வீடுகளில் கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்கிற வகை. "பெருசா விஷம் கிடையாதுக்கா. ஆனா வீக்கத்த டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றேன். பாட்டிலை நானே வாங்கி, படம் எடுத்துவிட்டு, மோட்டார் ரூம் சுவரில் அதை விட்டேன்.

குழுவில் படத்தைப் போட்டதும் ஒருவர் நான் நினைத்த பெயரையே சொன்னார். சாயங்காலம் இன்னொருவர், கண்கள் தெளிவாக இல்லை, உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி பாட்டிலின் பளபளப்பு சரியாகக் கண்கள் மேலேயே விழுந்திருந்தது. மோட்டார் ரூமுக்கு ஓடினால் சிலந்தி அங்கே இல்லை.

மறுநாள் காலை அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாய் கட்டிலில் படுத்திருந்தார். விரலில் இருந்த வீக்கம் முழங்கைப் பக்கம் ஏறியிருந்தது. உடம்பு கொதித்தது. கையில் மஞ்சள் அப்பியிருந்தது.

"டாக்டர்கிட்ட போவலியாக்கா?"

"நீதான் விஷம் இல்லன்னு சொன்னியேமா. அதான் ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்னு இருந்துட்டோம்."

நான் சொன்னதில் முதல் பாதி மட்டும் அந்த வீட்டுக்குள் போயிருக்கிறது. நானே தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தேன். வேலப்பன்சாவடி சிக்னலில் வண்டி நின்றபோது பாய் கண்ணைத் திறந்து, "ஒண்ணியும் ஆவாதுமா, நீ ஏன் இப்டி பதற்ற?" என்றார். சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் அம்மா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடிச்சத பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. வீங்கின அப்புறம்தான் பூச்சிய பாத்தோம்" என்றார் அக்கா.

"பூச்சிய பாத்ததால பூச்சிதான் கடிச்சிச்சுன்னு ஆயிடுமா? கைல ஏதாச்சும் குத்திச்சா?"

பாய் யோசித்தார். சோபாத் துணியை இழுத்து அடிக்கும் இரும்புப் பின் ஒன்று முந்தின வாரம் விரலில் ஏறியதையும், பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்ததையும் மெதுவாகச் சொன்னார். அந்தக் காயத்தில்தான் சீழ் பிடித்திருந்தது. கீறி எடுத்து, ஊசி போட்டு, படுக்கையில் சேர்த்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று நர்ஸ் சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையைவிட என் கைதான் அதிகம் சில்லிட்டிருந்தது.

நான் வீடு திரும்பியபோது தெருவே பூச்சிமருந்து நாற்றமாக நாறியது. பாயைப் பூச்சி கடித்த செய்தி தெரு வாட்ஸப்பில் எங்களுக்கு முன்பே சுற்றிவிட, தெருக்காரர்கள் ஆளைக் கூப்பிட்டு காலி மனைகளிலும் எல்லார் காம்பவுண்டுச் சுவரிலும் மருந்து அடித்துவிட்டிருந்தார்கள். கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே, வலையில் பெருக்கல் குறி போட்டிருந்த என் தையல்காரி கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தாள். மாமரத்தடியில் முசுறுகள் கொத்துக் கொத்தாகச் செத்திருந்தன. அதில் எது எறும்பு, எது எறும்பு வேஷம் போட்டது என்று பிரிக்க எனக்குத் தெம்பில்லை. படமும் எடுக்கவில்லை.

டாக்டர் சொன்னதை அதே வாட்ஸப்பில் நீளமாக எழுதினேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர், "எதுக்கும் மழைக்கு அப்புறம் இன்னொரு தடவ அடிச்சிடலாம்" என்று எழுதினார். போனைச் சோபாவில் எறிந்துவிட்டு மாடிக்கு ஏறினேன்.

பாய் கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்தார். மழை வந்தது. காலி மனையில் மறுபடி கொடி ஏறியது. சுவரில் ஒன்றிரண்டு வலைகள் தெரிய ஆரம்பித்தும் நான் லென்ஸை எடுக்கவில்லை. எடுத்தால் பெயர் சொல்ல வேண்டும், சொன்னால் யாராவது நம்புவார்கள் என்று பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அக்கா மதில் மேலே தலையை நீட்டினார்.

"சீக்கிரம் வாமா. சோபா கட்டை மேல ஒண்ணு உக்காந்துகினு என்னியே மொறைக்குது. கண்ணு ரெண்டும் இம்மாம் பெருசா கீது. அவர அடிக்கவுடாம நிறுத்தி வெச்சிருக்கேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பாய் இடது கையில் துடைப்பத்தோடு ஓரமாக நின்றிருந்தார். நானும் அக்காவும் தரையில் முட்டி போட்டுக் குனிந்தோம். குதிக்கும் சிலந்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது, பிறகு அக்காவைப் பார்த்தது. அடுத்த நொடி ஒரே தாவலாக அவர் முழங்கைத் துணியில் போய் உட்கார்ந்தது. அக்கா தெருவே கேட்கக் கத்தினார். ஆனால் கையை மட்டும் அசைக்கவில்லை.

"எடும்மா போட்டோவ, சீக்கிரம்!" என்றார் கண்களை இறுக்க மூடிக்கொண்டு.