மாமாவுக்கு வாங்கிய லேப்டாப்

மாமா உயிரோடு இருக்கிறார் என்று சித்தியை நம்பவைக்கத்தான் அந்த லேப்டாப்பை வாங்கினேன்.

மாமா என் அம்மாவின் அண்ணன். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். சித்தி அவருடைய கடைசித் தங்கை, கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவர். மாதம் தவறாமல் இருவரும் கடிதம் எழுதிக்கொள்வார்கள், அதுவும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில். அப்புறம் பேனா பிடித்தால் மட்டும் மாமாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கடிதம் நின்றது. சித்திக்கோ காது சுத்தமாகப் போய்விட்டது, போனில் பேச வழியில்லை. "மாமா நல்லா இருக்காரு" என்று சித்தியின் மகளிடம் சொன்னேன். அவளும் எழுதிக் காட்டினாள். சித்தி நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணமே நான்தான். என் அம்மா இறந்தபோது சித்திக்கு இருதய ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், மறைத்தோம். அப்போது அவருக்குக் காது கேட்கும்; நாலு மாதம் போனில், "உங்க அக்கா நல்லா இருக்காங்க" என்று இதே வாயால்தான் சொன்னேன். இப்போது மாமாவின் படத்தை அனுப்பினால், பழைய போட்டோ என்கிறாராம்.

நேரு வீதிக் கடைக்காரர் பாட்டு, கேம்ஸ், சினிமா என்று அடுக்கிக்கொண்டே போனார். "அதெல்லாம் வேணாங்க. எழுத்து பெருசா தெரியணும், தொறந்ததும் எழுதணும், அவ்ளோதான்" என்று அவர் வாயை அடைத்தேன். கனமில்லாததாகப் பார்த்து வாங்கினேன். திரையில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு படத்தை விட்டுவைத்தேன். அதை அழுத்தினால் வெள்ளைத் தாள் வரும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமா சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தேர் ஆபீசில் முப்பது வருஷம் பிரெஞ்சில் டைப் அடித்தவர். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி படபடவென்று அடித்தார். பக்கம் நிறைந்தது. எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அரைகுறை பிரெஞ்சுதான், ஆனால் அது எந்த பாஷையும் இல்லை என்று தெரிந்தது.

"பாத்து அடிங்க மாமா. கட்டையிலயே எழுத்து போட்டிருக்கே."

"கட்டையப் பாத்து அடிக்கிறவன் டைப்பிஸ்ட்டே இல்ல."

இரண்டாவது தடவையும் அதே கந்தல். எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் அது பயம், இவருக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று. "விடுங்க, நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றேன்.

மாமா லேப்டாப்பை மெதுவாக மூடினார். "நீ அடிச்சா அது உன் லெட்டர். அவ நம்ப மாட்டா." அன்று மத்தியானம் சாப்பிடக் கீழே வரவில்லை.

வீட்டில் இன்டர்நெட் கிடையாது. மறுநாள் மாமா அடித்ததைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதைத் திருத்தி, அவர் பெயரில் நானே அனுப்பிவிடலாம் என்ற திருட்டு எண்ணம். மறுபடியும் ஒரு பொய். கடை நடத்திய பாய் எதற்கோ வந்தவர் திரையைப் பார்த்து நின்றார்.

"இத அடிச்சவருக்கு பிரெஞ்சு மெஷின் பழக்கமா மேடம்?"

"முப்பது வருஷம்."

"அதான். அந்த ஊரு கட்டையில எழுத்தெல்லாம் எடம் மாறி இருக்கும். இங்க வர்ற பிரெஞ்சுக்காரங்களும் மொதல்ல இப்பிடித்தான் அடிப்பாங்க. செட்டிங்ஸ்ல மாத்திட்டா சரியாப்பூடும்."

மாற்றும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எடை பார்த்தேன், திரை பார்த்தேன். அந்த விரல்கள் எந்த மெஷினில் பழகியவை என்று மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாற்றி வைத்தேன். "தப்பு என்மேலதான் மாமா." அவர் உட்கார்ந்து, மறுபடியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அடித்தார். முதல் வரியில் 'அன்புத் தங்கையே' என்று அழைக்கும் இரண்டு பிரெஞ்சு வார்த்தைகளை என்னாலேயே படிக்க முடிந்தது. அழுதுவிட்டேன். அவர் கவனிக்காமல் ஒரு மணி நேரம் எழுதினார்.

"சித்தி நம்புற மாதிரி என்ன எழுதினீங்க?"

"பத்து வயசுல அவ பண்ண ஒரு திருட்டுத்தனம். எங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியும்."

"எனக்கும் சொல்லுங்களேன்."

"முடியாது."

அன்றே அதைச் சித்தியின் மகளுக்கு மெயிலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் சித்தியிடமிருந்து பதில் வந்தது. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவந்து கொடுத்தேன். மாமா படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே முடிவு கட்டிய சித்தி, அவர் ஆத்துமா இளைப்பாற அங்கே சர்ச்சில் மாதாமாதம் பூசைக்குச் சொல்லிவைத்திருந்தாராம். மூன்று பூசை முடிந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை போய், ஆள் இருக்கிறார் என்று சாமியாரிடம் சொல்லி மிச்சத்தை நிறுத்த வேண்டுமாம்.

மாமா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"நிறுத்த வேணாம்னு எழுதுறேன். எப்பனா தேவைப்படும்."