திருநீற்றுப் பெட்டியில் ஓர் ஓடு

பஹ்ரைனில் பார்க்கத்தக்க பழைமையான இடங்கள் அனைத்தையும் ஊர் திரும்புவதற்குள் குடும்பத்தோடு பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் சங்கற்பம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குதைபியாவில் இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் புளிச்சோறு கட்டிக்கொண்டு, நண்பரிடம் இரவல் வாங்கிய காரில் புறப்படுவோம்.

முதலில் ஆலி என்ற ஊருக்குப் போனோம். அங்கே அலையலையாய் எழுந்து நின்ற தொல்காலப் புதைமேடுகளைக் காட்டி அப்பா விளக்கம் சொல்ல, அம்மா காரைவிட்டு இறங்க மறுத்துவிட்டாள். சுடுகாட்டை வேடிக்கை பார்க்க வந்ததற்கே வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டும் என்றாள். அடுத்த வாரம் பாலைவனத்தின் நடுவே தன்னந்தனியே பசுமையாய் நின்ற மரத்தைக் கண்டதும், அதே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று முறை வலம் வந்தாள்.

மூன்றாவது இடம் கடலோரத்துக் கோட்டை. அங்கே வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மேற்பார்வையில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு அண்ணன் முறையாகிற மாமா ஒருவர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர், அங்குதான் இருந்தார். தோண்டி எடுத்த பானை ஓடுகளை மெல்லிய தூரிகையால் கழுவித் தட்டுகளில் நிழலில் உலர்த்துவது அவர் வேலை. வெள்ளிக்கிழமை மற்றவர்களுக்கு விடுமுறை; அவருக்குத் தட்டுகளைக் காக்கும் பொறுப்பு. அந்தத் துணிவில்தான் எங்களை வரச் சொல்லியிருந்தார்.

“இங்க பாரு ஆத்தா, இதுல ஒரு கட்டவெரல் பதிஞ்சிருக்கு. சூளையில வைக்குமுன்ன எவனோ அழுத்திப்புட்டான். ஆயிரக்கணக்கான வருசமாம், தொரை சொல்றாரு” என்று ஒரு சிறிய ஓட்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

“எவனுக்கோ பானை வனையத் தெரியல. அதைப் போயி இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறீங்களே மச்சான்” என்றார் அப்பா.

“வனையத் தெரிஞ்சவன் பேரே இல்லாமப் போயிட்டான் மாப்ள. தெரியாதவன் வெரலத்தான் தொரை ரெண்டு நாளா ஒக்காந்து படம் வரையிறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பொருந்துவதெல்லாம் தனக்கே உரியது என்று நினைக்கிற வயது. மாமா எங்களுக்குக் கோட்டைச் சுவரைக் காட்டத் திரும்பியபோது, ஓடு என் பாவாடைப் பைக்குள் போயிருந்தது.

வீட்டில் அதை ஒளித்து வைக்க நான் தேர்ந்த இடத்தை இன்று எழுதவும் கை கூசுகிறது. பூசை அலமாரியில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஆழமான மரப்பெட்டி நிறையத் திருநீறு இருந்தது. அதன் அடியில் புதைத்தேன். அந்தப் பெட்டியின் முன்னால் நின்றுதான் நாள்தோறும் மாலையில் பதிகம் பாடுவேன். பாடுகையில் கண்ணீர் வர வேண்டும் என்று அம்மா கற்பித்திருந்தாள், தட்டாமல் வரும். வருகிறவர்களிடமெல்லாம், “தேவாமிர்தம் மாதிரிப் பாடும். இந்த வாயில பொய்யே வராது” என்பார் அப்பா.

அடுத்த வெள்ளிக்கிழமை, தட்டுகளின் காவலை இன்னொருவரிடம் விட்டுவிட்டு மாமா வந்தார். ஓட்டைக் காணவில்லை என்றும், வரைந்துகொண்டிருந்த துரைக்கே அது தேவைப்பட்டதால் மறுநாளே தெரிந்துவிட்டது என்றும் சொன்னார். வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனியின் ஃபோர்மேன் நாளை வரை தவணை கொடுத்திருந்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் கோட்டை வேலை போய்விடும். வெயிலில் தார் போடும் ரோட்டு வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

“கெடச்சாப் போதும் மாப்ள, கேள்வியே கெடையாது. எடுத்த எடத்துல வச்சிருவேன். புள்ள வெளையாட்டா…”

அப்பாவின் முகம் கறுத்தது. “யாரைக் கேக்குறீங்க? என் பொண்ணையா?”

“சந்தேகம் இல்ல மாப்ள. கேட்டுப் பாக்கலாம்னு…”

“கேக்க வேணாம். கற்பூரம் அணைச்சே சொல்லும். அப்பறம் நீங்க இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.”

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விசாரணை இல்லை. பொய்யாய் அணைத்தவரின் குடும்பமே விளங்காது என்பார்கள். அம்மா தட்டில் கற்பூரக் கட்டியை வைத்தாள். அப்பா தீக்குச்சியைக் கிழித்தார். நான் அணைக்கத்தான் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சாமியைவிட அப்பாவிடம் எனக்குப் பயம் அதிகம்.

சுடரைக் கண்டதும் மாமா வழக்கம்போல் திருநீறு பூச எழுந்தார். நாங்கள் மேலாக ஒரு சிட்டிகை எடுப்போம். அவரோ மூன்று விரல்களையும் ஆழப் புதைத்து அள்ளுகிறவர். விரல்கள் உள்ளே போயின, நின்றன. ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு வெளியே வந்து, நெற்றி நிறையப் பட்டையிட்டன. பெட்டியை மூடினார். திரும்பி வந்து, நான் கை நீட்டுமுன், தன் உள்ளங்கையால் அந்தச் சுடரை அமுக்கி அணைத்தார்.

“புள்ள எடுக்கல மாப்ள. நான் சொல்றேன்.”

“அதைத்தான் நானும் முதல்லேயே சொன்னேன்” என்றார் அப்பா.

மாமா காப்பி குடித்தார். அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை வாங்கிக்கொண்டார். செருப்பு மாட்டும்போது வாசலில் நான் மட்டும் இருந்தேன். என் உயரத்துக்குக் குனிந்து கேட்டார்: “மாமாகிட்ட எதுவும் சொல்லணுமா ஆத்தா? அப்பாகிட்டப் போகாது.”

“இல்ல மாமா.”

“சரித்தா. நல்லாப் படி” என்று தலையைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினார்.

“தன் கவனக்குறைவுக்குக் குழந்தையை இழுக்கிறார்” என்று அப்பா பல நாள் பொருமினார். நான் அன்று மாலை வழக்கத்தைவிட ஒரு பதிகம் கூடுதலாகப் பாடினேன். மாமாவின் கையில் ஓடு தட்டுப்படாமல் இறைவன் மறைத்தருளினான் என்று உறுதியாக நம்பினேன். ஆண்டவன் என் பக்கம் என்ற இறுமாப்பு வேறு. அன்று வந்த கண்ணீரை அம்மா வெகுவாக மெச்சினாள்.

இரண்டு வாரம் கழித்து, ஆனி மாத வெயிலில் ஒரு நண்பகல், ஈசா டவுன் பள்ளியிலிருந்து திரும்பும் எங்கள் பேருந்து பழுதுபார்க்கப்படும் சாலையொன்றில் நின்றது. தார் புகைந்துகொண்டிருந்தது. தலையில் துணி சுற்றிய ஆட்களில் ஒருவர், தார் தள்ளும் கட்டையை நிறுத்திவிட்டு, சன்னல் சன்னலாகப் பார்த்தார். மாமா. என்னைக் கண்டுகொண்டதும் முகமெல்லாம் மலர்ந்து கையை உயர்த்தி ஆட்டினார். கற்பூரம் சுட்ட உள்ளங்கையில் பழைய துணி கட்டியிருந்தது. அருகில் இருந்த தோழி, “யாருடி அது, உனக்கா டாட்டா காட்டுறாரு?” என்றாள். தெரியாது என்றேன்.

பேருந்து நகர்ந்தது. நாள் முழுவதும் ஓடுகளைத் தடவித் தடவிக் கழுவிய விரல்கள் அவருடையவை. சாம்பலுக்குள் கிடந்தால் என்ன, அவற்றுக்கு ஓடு தெரியாமல் போகுமா? அது எனக்கு அன்று எட்டவில்லை. இவ்வளவு பிரியமாகக் கையசைக்கிறாரே, ஆகவே இவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று எண்ணி, பெரிய நிம்மதியோடு இருக்கையில் சாய்ந்துகொண்டேன்.