மெத்தென்று இறங்கிய பிரேக்

பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற. தலவாக்கலையில் என் சின்ன கராஜில் மிதிப்பது என் மனைவிதான். அன்றும் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்து, தோட்டத்துத் தொரையின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தாள். மறுநாள் அவர் அதில் ஹட்டன் போக வேண்டும். வழியெல்லாம் வளைவும் இறக்கமும்.

எத்தனை முறை பிரேக் ஒயில் ஊற்றிக் காற்றை எடுத்தும் பெடல் மெத்தென்று உள்ளே போனது. எனக்கு அலுத்துவிட்டது.

"ஒழுங்கா மிதிடி. ஒன் காலுலதான் கோளாறு" என்று காருக்கு அடியிலிருந்து கத்தினேன்.

"மிதிச்சுக்கிட்டுதாங்க இருக்கேன்."

அப்போதுதான் கவனித்தேன். காற்று மேலேதான் தங்கும். அதை வெளியேற்றும் நிப்பிளும் மேலே இருக்க வேண்டும். ஆனால் அது கீழே இருந்தது. நிப்பிள் இருப்பது சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் கேலிப்பரில். காலையில் கழற்றிய இரண்டு கேலிப்பரையும் நான்தான் இடது வலது மாற்றிப் பூட்டியிருந்தேன்.

இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினேன். மறுபடி காற்றை எடுத்தோம்.

"இப்ப கல்லு மாதிரி நிக்குதுங்க" என்றாள். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "என் காலு சரியாயிருச்சு போல" என்றாள்.

நான் மாற்றிப் பூட்டியதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. கத்துவதை மட்டும் விட்டுவிட்டேன்.