தரையில் வைத்த செம்பு

அடியார்களே, கேதாரத்துக்குப் போகும் வழியில், ராம்பாரா என்ற தங்கும் இடத்தைத் தாண்டி, ஒரு பாறையோரம் நான் சாகக் கிடந்தேன். தலை வெடித்துவிடும் போல வலித்தது. வெறும் வயிறு குமட்டிக் குமட்டிப் பித்தநீராக வந்தது. எவ்வளவு இழுத்தும் மூச்சு போதவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் மனைவிக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்து அழுதேன். அது 1956, வைகாசி மாதம். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுபோனது மலை மட்டும் இல்லை, என் பொறாமையும்தான். அதை மறைத்தால் நான் சொல்வது சாட்சியே ஆகாது.

நான் பள்ளிக்கூட வாத்தியார். பக்கத்து ஊரான மாமல்லபுரத்தில் எங்கள் திங்கட்கிழமை பஜனையில் பன்னிரண்டு வருடமாக முதல் பாட்டு என்னுடையது. ஏகாம்பரம் வந்து சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. சிற்பப் பட்டறைகளுக்கு மாட்டுவண்டியில் கல் ஏற்றுகிறவன். அவனுக்கு ராகமும் வராது, தாளமும் வராது. ஆனாலும் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். என் மனைவியே ஒருநாள், "அவுரு பாடறப்போதான் கண்ணு கலங்குது" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேதார யாத்திரைக்கு ஆறு பேர் கிளம்பினோம். எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கடல் தண்ணீரைச் செம்பில் மொண்டு, வாயை மெழுகால் அடைத்து, தலையில் சுமந்துபோய் கேதாரநாதர் சந்நிதியில் சேர்க்க வேண்டும். போய்ச் சேரும்வரை செம்பு தரையைத் தொடக் கூடாது. தூங்கும்போது ஆணியிலோ மரக்கிளையிலோ மாட்டிவைக்கலாம். யார் சுமப்பது என்று சுவாமி முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். என் பெயர்தான் வரும் என்று புது வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஏகாம்பரம் பெயர் வந்தது. சுவாமியே ஓரவஞ்சனை செய்கிறார் என்று மனம் கொதித்தது.

செம்பு கிடைக்காவிட்டால் போகட்டும், முதலில் ஏறி முதல் தரிசனம் செய்கிறவன் நான்தான் என்று வீம்பு வந்தது. ஒரு மாதம் திருக்கழுக்குன்றம் மலையைத் தினமும் இரண்டு முறை ஓட்டமாக ஏறி இறங்கினேன். இமயமலையும் அப்படித்தான், ஏற்றம்தான் கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அது போதாதென்று, மலையேற்றம் தொடங்கும் கௌரிகுண்டத்தை விட்டால் தரிசனம்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று விரதமும் எடுத்தேன். அங்கே சத்திரக்காரர் எங்கள் பாஷை தெரியாமல் கையாலேயே காட்டினார், தண்ணீர் குடியுங்கள், நின்று நின்று போங்கள் என்று. ஏகாம்பரம் தலையாட்டிக்கொண்டான். எனக்கு இவர் என்ன சொல்வது என்று இருந்தது.

கௌரிகுண்டத்து வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். நானும் கண்ணை மூடினேன். நான் கேட்டது இதுதான்: "ஈசனே, ஏகாம்பரம் மேலே வந்து சேரக் கூடாது."

அன்று எல்லோரையும் முந்திக்கொண்டு ராம்பாரா போய்ச் சேர்ந்தேன். அங்கேயே தலைவலி பிடித்துக்கொண்டது. சொன்னால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், ஏகாம்பரம் எனக்கு முன்னால் தரிசனம் செய்வான் என்று வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் நாலு பேர் சுமைகூலியாட்களோடு முன்னால் போய்விட்டார்கள். நான் குடிகாரனைப் போலத் தள்ளாடித் தள்ளாடி அந்தப் பாறை வரைக்கும்தான் போனேன். விழுந்த இடத்தில், "காப்பாற்று, காப்பாற்று" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடத்தில் நான் ராகம் இல்லாமல் வாய்விட்டு வேண்டியது அன்றுதான்.

நின்று நின்று நடந்ததால் ஏகாம்பரம் எல்லோருக்கும் கடைசியாக வந்தான்.

"இன்னா ஆச்சு வாத்யாரே? ஒதடெல்லாம் நீலமா கீது."

"ஒண்ணுமில்ல. நீ போ." அப்போதும் என் வாய் அப்படித்தான் பேசியது.

கோயில் இன்னும் இரண்டு மணி நேர நடைதான். அவன் மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான். செம்பை மாட்ட அங்கே ஒரு மரம் இல்லை, கையில் வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான்.

"செம்பு... வேணாம்பா" என்று முனகினேன்.

"சாமி மேலயே குந்திகினு கீதா இன்னா? ஏறு முதுவுல."

கீழே இறங்க இறங்க எனக்கு மூச்சு வந்தது. கௌரிகுண்டத்தில் அவன் புகட்டிய தண்ணீரைக் குடித்தேன். மறுநாள் எழுந்து உட்கார்ந்தேன். தரிசனம் முடித்து இறங்கிய நாலு பேரும் வழியில் இருந்த செம்பை எடுத்து வந்தார்கள். தரை தொட்டது சுவாமிக்கு ஆகாது என்று தண்ணீரை மந்தாகினி ஆற்றில் ஊற்றினார்கள். "சுத்திகினு நம்ம கடலுக்குத்தானே வரப்போவுது" என்று ஏகாம்பரம் சிரித்தான். எப்படி இவனால் சிரிக்க முடிகிறது என்று எனக்கு அதிலும் பொறாமை.

ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, கூட்டத்தில் பேச்சு எழுந்தது. சீட்டு விழுந்தும் செம்பைத் தரையில் வைத்துவிட்டான், இனி அவன் பெயரைச் சீட்டில் எழுத வேண்டாம் என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு அது இனித்தது. பிறகு என் மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து நின்று, கௌரிகுண்டத்தில் வேண்டியதை வார்த்தை மாறாமல் சொன்னேன். ஏகாம்பரம் மேலே வந்து சேரக் கூடாது என்று கேட்டேன், அவன் சேரவில்லை. காப்பாற்று என்று கேட்டேன், பிழைத்து நிற்கிறேன். இரண்டையும் ஈசன் ஒரே ஆளை வைத்து முடித்துவிட்டார் என்றேன்.

ஏகாம்பரம் எழுந்து என் பக்கத்தில் வந்தான். "வுடு வாத்யாரே. நான் வேண்டிக்கினதும்தான் கெடச்சிது."

"நீ இன்னா வேண்டிக்கின?" என்று கேட்டேன்.

"போன ஆறு பேரும் வூடு வந்து சேரணும்னு."

அன்று முதல் எங்கள் பஜனையில் முதல் பாட்டு அவனுடையது. அவன் தாளம் தப்பினால் நான் கைதட்டிச் சேர்த்துக்கொள்கிறேன். பொறாமை அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த வேண்டுதல் எனக்குத் தோன்றவில்லையே என்ற பொறாமை இன்னும் இருக்கிறது. அடியார்களே, அவரை நம்பிக் கேளுங்கள். கெட்ட மனதோடு கேட்ட என்னையே அவர் கைவிடவில்லை. ஆனால் கண்ணை மூடும்போது பக்கத்தில் நிற்கிறவருக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாளைக்கு அவர் முதுகில்தான் நீங்கள் இறங்கி வர வேண்டியிருக்கும்.