பகல் குறட்டை

துபாயில் சோனாப்பூர் லேபர் கேம்பில் எங்கள் ரூமில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. லீவில் ஊருக்குப் போய் வருகிறவர்கள் கொண்டுவரும் மாத்திரையெல்லாம் அதில்தான் விழும். காய்ச்சலோ வயிற்றுவலியோ, கையை விட்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். கிளினிக்குக்குப் போனால் அரை நாள் டூட்டி போய்விடும் என்பதால் ரூமில் எல்லோருமே டாக்டர்கள்தான்.

புதிதாக ஒரு வெல்டர் வந்து சேர்ந்தான். தினமும் காலையில் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, அது கரையும்வரை வாய் திறக்க மாட்டான். கேட்டால் சத்து மாத்திரை என்பான். கேம்ப் செக்யூரிட்டி பெட்டியைச் சோதித்தாலும் சோதிப்பார்கள், டின்னை யாரும் சீண்டமாட்டார்கள் என்று ஒரு சத்து மாத்திரை டப்பாவில் போட்டு டின்னுக்குள்ளேயே வைத்திருந்தான். அங்கேதான் அவன் புத்தி கெட்டுப்போனது.

எதிர்க்கட்டில் கொத்தனாருக்குத் தீராத முதுகுவலி. நாள் முழுக்க வெயிலில் நின்றும் வெல்டர் தெம்பாக இருப்பதைப் பார்த்து அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு விடுமுறை நாள் மதியம், அவனைப் போலவே நாக்குக்கு அடியில் இரண்டை வைத்துக்கொண்டு, கூடவே ஒரு தூக்க மாத்திரையும் போட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருத்தன் போனில் வீடியோகூட எடுத்தான்.

குளித்துவிட்டு வந்த வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஓடிப்போய் அவரைப் புரட்டிக் கன்னத்தில் தட்டினான். உதடு நீலம் பாரித்திருந்தது. டின்னைத் திறந்து டப்பாவைப் பார்த்தவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, இது சத்து மாத்திரை இல்ல. நான் ஹெராயின் பவுடர் அடிச்சிக்கிட்டிருந்தவன். அத விடுறதுக்கு டாக்டர் குடுத்தது. பழக்கமில்லாத ஆளுக்கு மூச்ச நிறுத்திடும். ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் வேலை தப்பியிருக்கும். ஆம்புலன்ஸ் வந்ததும் அவனே டப்பாவை நீட்டி எல்லாவற்றையும் சொன்னான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. கொத்தனார் பிழைத்துக்கொண்டார்.

வெல்டரைப் போலீஸ் கூட்டிப்போனது. டாக்டர் சீட்டு இருந்தது, ஆனால் அனுமதி வாங்காமல் கொண்டுவந்திருந்தான். விசாரணை முடியும்வரை மாத்திரையும் இல்லை. அப்புறம் விசா கேன்சல், கலாஸ்.

ஊரிலிருந்து ஒரு முறை பேசினான். மறுபடி டாக்டரிடம் போனாயா என்று கேட்டேன். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, போகணும், பார்க்கலாம் என்றான். கொத்தனாரின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

அடுத்து அவன் தம்பிதான் பேசினான். வெல்டர் பழைய பவுடரைப் பழைய அளவிலேயே எடுத்திருக்கிறான். இடையில் விட்டுப்போனதில், உடம்புக்கு அதைத் தாங்கும் பழக்கம் போயிருந்தது. அந்தக் குறட்டை என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவன்தான்.

"பகல்லயே பயங்கரக் குறட்டைண்ணே," என்றான் தம்பி. "வந்ததுலேர்ந்து சரியாத் தூங்காதவன், நல்லாத் தூங்கட்டும்னு அம்மா கதவச் சாத்திட்டு வந்திருச்சு."